தூங்குகிறவரிடம் கேட்டது

கேட்டில் தொங்கிய தகரத்தைப் படித்துவிட்டு, ஐஸ் பெட்டி கொண்டுவந்த டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"யாராச்சும் தூங்கறாங்களாங்க?"

ஹாலில் கிடந்த நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த இளவேனில், கையில் ஒன்றோடு அப்படியே நின்றாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி அக்காதான், "இல்ல தம்பி, உள்ள கொண்டாங்க" என்றாள். சொன்னவளும் ரகசியமாகத்தான் சொன்னாள். நாலு பேர் சேர்ந்து பெட்டியைப் படியேற்றி ஹாலின் நடுவே இறக்கினார்கள். கண்ணாடி மூடி சட்டத்தில் இடித்து ஒரு சத்தம் வந்தது. சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா செங்கமலம் சட்டென்று விரலை உதட்டருகே கொண்டுபோனாள். பாதியில் நினைவு வந்தவளாகக் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்தத் தகரத்தைச் செய்தவர்தான் பெட்டிக்குள் போகப் போகிறவர். பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, வெள்ளை பெயிண்டில் 'நைட் ஷிப்ட்' என்று எழுதி, இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி கோத்து வைத்திருந்தார் இளவேனிலின் அப்பா சிவப்பிரகாசம். அது கேட்டில் தொங்கினால் பால்காரர் மணியடிக்க மாட்டார். காய் வண்டிக்காரர் வாயைத் திறக்காமல் தள்ளிக்கொண்டு போய், இரண்டு வீடு தாண்டித்தான் கூவுவார். நிலக்கரி மைன்ஸிலிருந்து ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, தன் கையாலேயே தகரத்தை மாட்டிவிட்டு வந்து படுப்பார். எழுந்ததும் தானே போய்க் கழற்றுவார். வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. தொடக் கூடாதென்று யாரும் சொன்னதுமில்லை.

நைட் ஷிப்ட் வாரங்களில் அந்த வீட்டுக்கு வேறு நடை, வேறு பேச்சு. அம்மா குக்கர் வைக்க மாட்டாள், சோறு வடிப்பாள். குழாயில் ஒரு துணியைக் கட்டிவிடுவாள். தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் பக்கெட்டில் இறங்கும். டி.வி.யில் படம் மட்டும் ஓடும். இளவேனிலும் அவள் தம்பி வளவனும் சின்ன வயதில் ஒரு முனகல் கூட இல்லாமல் அடித்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். அழுவதும் அப்படித்தான், வாயைத் திறந்து, சத்தத்தை உள்ளே விட்டு.

அதனால்தான் அன்றைக்கு அப்படி ஆனது. வியாழக்கிழமை காலையில் வந்து படுத்த மனிதருக்காக அந்த வீடு நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

வழக்கமாக மூன்று, மூன்றரைக்கு எழுந்துவிடுவார். அன்று நான்கு தாண்டியும் எழவில்லை. அசந்துட்டாரு என்று அம்மா வாயசைவில் சொன்னாள். தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தள்ளிப் போய் விளையாடச் சொல்லிவிட்டு வந்தாள். வெயில் சாயத் தொடங்கியதும் காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு கதவிடுக்கில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. அப்பா பகலில் படுத்திருக்கும்போது அந்த அறையில் விளக்கு எரிந்து இளவேனில் பார்த்ததே இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. கதவுக்கு வந்து நின்று, "பாப்பா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கிசுகிசுத்தாள்.

புஷ்பவல்லி அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வந்தவள் அப்பாவின் தாடையைத் தொட்டாள். விறைத்திருந்த முழங்கையை மடக்கிப் பார்த்தாள். வரவில்லை. கையை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"காலையிலயே போயிட்டாரு செங்கமலம். எட்டு, ஒம்போது மணிக்கே இருக்கும். படுத்த கொஞ்ச நேரத்துலயே. தூக்கத்துலயே."

பிறகு ஆம்புலன்சில் வந்த டாக்டரும் அதையேதான் சொன்னார்.

இளவேனில் சுவரில் சாய்ந்துகொண்டாள். தலைக்கு மேல் மின்விசிறி டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. காலையிலேயே போய்விட்டார் என்றால், மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த அறையில் தனக்குப் பதில் சொன்னது யார்?

அப்போது அவள் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று கையிலிருந்தது. சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் பில்களைச் சரிபார்த்து அனுப்புவது. சாயங்காலம் ஹெட்போனை மாட்டினால் விடியும் முன்தான் கழற்றுவாள். சம்பளம் நன்றாக இருந்தது. ஆனால் தீபாவளிக்குப் பிறகு அவர்கள் குழுவில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மீட்டிங்கில் காயத்ரி என்ற பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் இருந்த கட்டம் கறுத்துப் போனது. நெட் போய்விட்டது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் திரும்ப வரவில்லை. மறுநாள் அவள் பெயரே குழுவில் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவுமில்லை. அன்றிலிருந்து தினமும் லேப்டாப்பைத் திறந்து திரை ஒளிர்கிற வரைக்கும் இளவேனில் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்னொன்று அரசாங்க வேலை. பரீட்சை எழுதி, மறந்துகூடப் போயிருந்த நேரத்தில் ஆர்டர் வந்திருந்தது. பண்ருட்டி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். இப்போது வாங்குவதில் பாதிதான் சம்பளம். வருகிற திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

சேர்ந்துவிடு என்றார் அப்பா. அதட்டவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு தடவை, ஷிப்டுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் சாயங்காலம் கேட்டில் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். இவளும் ராத்திரி வேலை பார்ப்பதால், தன்னுடைய பகல் ஷிப்ட் வாரங்களில்கூட இவளுக்காக அதை மாட்டிவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது.

"பாப்பா, நான் சம்பளத்தைப் பத்திப் பேசல. பகல்ல வேலை, ராத்திரியில தூக்கம். அது ஒண்ணு போதும் மனுஷனுக்கு. எனக்கு வேலை நெலச்சிது. தூக்கம் நெலைக்கல. இந்தத் தகரம் என்னோட போவட்டும்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. சம்பளம் மட்டும் காரணமில்லை. பண்ருட்டிப் பக்கம் போகும்போது அந்த ஆபீஸைப் பார்த்திருக்கிறாள். வெயில் ஏறாத வராந்தா, கயிறு கட்டிய ஃபைல்கள், மேசைக்குப் பின்னால் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். அந்த அம்மாளின் முகம் நினைவில்லை, வகிடு மட்டும்தான் நினைவிலிருந்தது. வேலை நம்மை விட்டுப் போகாது என்றால், நாமும் அதை விட்டுப் போக முடியாது. அப்பாவின் அறையில் செய்திருப்பதைப்போல், வெளிச்சம் வராதபடி ஜன்னலில் கம்பளியை ஆணியடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது போல அது அவளுக்குத் தோன்றியது. ஆனால் இதை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் கோபப்பட மாட்டார். அப்படியா என்று கேட்டுவிட்டு, தலையைத் தடவிக்கொண்டு போய்விடுவார். அதுதான் கஷ்டம்.

அதனால்தான் பழைய வழியில் போனாள்.

அது பிள்ளைகள் இருவருக்கும் மட்டும் தெரிந்த வழி என்று அவள் நினைத்திருந்தாள். அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது, கதவை ஒரு கை அகலம் திறந்து, தரையில் குந்தி உட்கார்ந்து மெதுவாகக் கேட்க வேண்டும். அப்பா, ஸ்கூல் டூர் போகட்டுமா. அப்பா, வடலூர் தைப்பூசத்துக்குப் போகட்டுமா. தூக்கத்துக்குள்ளிருந்தே "ம்" என்று வரும். எதைக் கேட்டாலும் "ம்"தான். எழுந்த பிறகு, நீங்கதான் சரின்னீங்க என்று நின்றால், சிவப்பிரகாசம் கண்ணைக் கசக்கிக்கொண்டு யோசிப்பார். ஞாபகமே இருக்காது. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான் என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். வளவன் பைக் வாங்கியது அப்படித்தான்.

அவளுக்கு வயது இருபத்தாறு ஆகிறது. வெறுங்காலோடு போய்க் கதவைத் தள்ளினாள். ஜன்னலில் கம்பளி. உள்ளே தைல வாசனையும் இருட்டும். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் குந்தி உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் அந்த வேலையில சேரலப்பா."

மின்விசிறியின் டக், டக்.

"நான் இங்கயே இருக்கற வேலையைப் பாத்துக்கறேன். சரியாப்பா?"

"ம்."

தொண்டைக்குள்ளிருந்து, வாய் திறக்காமல், பாதி மூச்சாக வருகிற அதே "ம்". அவளுக்கு உடம்பே லேசாகிப் போனது. எழுந்து, நீட்டியிருந்த அந்தக் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள், விரல் படாமல். பட்டால் விழித்துக்கொள்வார். அந்த வீட்டில் தூங்குகிற ஒருவரை யாரும் தொட மாட்டார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, நான் தொடர்கிறேன் என்று டீம் லீடருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். அன்று மத்தியானம் அவள் சந்தோஷமாக இருந்தாள். பிறகு நினைக்க நினைக்க அவளால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

காடாம்புலியூரிலிருந்து பெரியப்பா சிங்காரவேலு ஒரு வேன் ஆட்களோடு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கேட்டில் கை வைத்தவர் தகரத்தைப் பார்த்துவிட்டு, அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். கூட வந்த பெண்கள் வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்க வேண்டியவர்கள். அவர்களும் தகரத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஹாலுக்குள் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். அப்போதும் குரல் ஏறவில்லை. பெட்டியின் மோட்டார் சத்தம்தான் பெரிதாக இருந்தது. ஒவ்வொருவரும், வீட்டில் வேறு யாரோ தூங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். கழற்றச் சொல்லி ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பெரியப்பா இளவேனிலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அடுத்து என்ன என்பதைப் பற்றிப் பேசினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருக்கும். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குப் பார்க்கலாம். அப்பாவின் வேலையைக் கேட்டு எழுதிப் போடலாம், ஆனால் அது எப்போது வருமோ, அதை நம்பிக் கையிலிருப்பதை விடக் கூடாது. வளவனுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் தாலுகா ஆபீஸுக்கு வந்தார்.

"தீட்டு அது இதுன்னு பாத்துக்கினு இருக்காத. திங்கக்கெழமை போயி ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வந்துடு. ஒங்கப்பன் மஸ்கட்ல சம்பாரிச்சதுல பாதி கூட இங்க மைன்ஸ்ல குடுக்கல, தெரியுமா ஒனக்கு? ஆனாலும் வந்தான். மனசுக்குப் புடிச்சித்தான் வந்தியாடான்னு எங்கப்பாரு கேட்டாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்னா சொல்லுவான். ம்முன்னான். அவ்ளோதான் அவன் பேச்சு."

இளவேனில் பெட்டிக்குள் பார்த்தாள். தாடையைச் சுற்றித் தலை மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி, அப்பாவின் வாயை இன்னும் அழுத்தமாக மூடியிருந்தது. காலையில் எட்டு மணிக்கே என்றால் அவள் சொன்னதை அவர் கேட்கவே இல்லை. அப்படியென்றால் சம்மதம் என்று ஒன்று இல்லை. ஒருவேளை நர்ஸும் டாக்டரும் தப்பாகச் சொல்லியிருந்தால்? அப்படியென்றால் அவர் கேட்டார். கேட்டுவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் போனார். இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. மாற்றி மாற்றி இரண்டையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் அப்பா இல்லை. மற்றொன்றில் அவள்தான் கடைசியாக அவரிடம் பேசினவள்.

வளவன் கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்தான். தோளில் பையோடு அப்படியே பெட்டியருகே நின்றான். அக்காவும் தம்பியும் அழுதார்கள், பழகியபடியே, சத்தத்தை உள்ளே விட்டு. பிறகு பின்பக்கப் படியில் வந்து உட்கார்ந்தார்கள். தூரத்தில் பவர் ஹவுஸ் புகைபோக்கிகளிலிருந்து வெள்ளையாகப் புகை நேரே ஏறிக்கொண்டிருந்தது. நடு ரோட்டில் ஷிப்ட் பஸ் வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டுப் போனது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் அப்பாகிட்ட" என்றான் வளவன். "நெசமாலுமே தூக்கத்துலதான் ம்முன்னு சொன்னாரா, இல்ல முழிச்சிக்கினுதான் சொன்னாரான்னு. நாம ஏமாத்தறோம்னு நெனச்சிக்கினு இருந்தோம். அவருக்குத் தெரிஞ்சிருந்தா?"

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. ஒருநாளும் அவர் "ம்" என்று சொன்னதே இல்லையோ. கேட்டவர்கள் காதில் அது விழுந்தது, அவ்வளவுதானோ.

அப்பாவைக் குளிப்பாட்டக் கொல்லையில் பெஞ்சைப் போட்டார்கள். முந்தின நாள் காலையில்தான் சோப்பு போட்டுக் குளித்தவர். இருந்தும் தலையில் ஊற்றிய முதல் குடத்துத் தண்ணீர், காதின் மடிப்பிலிருந்தும் நகக்கண்ணிலிருந்தும் மைன்ஸின் தூசியைக் கரைத்துக்கொண்டு, பழுப்பாக ஓடித் துளசிச் செடி வரைக்கும் போனது. இத்தனை வருஷத்தில் உள்ளே எவ்வளவு இறங்கியிருக்குமோ என்று ஒரு பெரியவர் சொன்னார். கட்டிலை வெளியே எடுப்பதற்காகப் பின்னறை ஜன்னல் கம்பளியை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். வெளிச்சத்தில் அந்த அறை நம்ப முடியாத அளவு சின்னதாக இருந்தது. தலையணையில் அப்பாவின் தலை கிடந்த இடம் மட்டும் வட்டமாக நிறம் மங்கியிருந்தது. இளவேனில் கம்பளியை எடுத்து மடித்தாள். மடித்தவள் அதை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மேளம் தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தது. கேட்டருகே வந்ததும் முன்னால் வந்தவர் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. ஒரு கணம்தான். பிறகு பெரியப்பா ஏதோ சொல்ல, மறுபடி தொடங்கியது. ஆனால் அந்த ஒரு கணத்தில் வாசலில் நின்ற அத்தனை பேரும் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார்கள். தகரம் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை பால் தெளித்துவிட்டு வந்த கையோடு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு இளவேனிலின் கை தானாகவே லேப்டாப்பை எடுத்தது. லீவு கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் திறந்தாள். திரை ஒளிரத் தாமதமானது. கறுத்த கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் பின்னறையின் வாசல் தெரிந்தது. பிறகு வெளிச்சம் வந்து இரண்டையும் அழித்தது. ஹெட்போனை எடுத்தாள். மாட்ட முடியவில்லை. அதை மாட்டிக்கொண்டால், அந்த அறையிலிருந்து யாராவது கூப்பிட்டால் கேட்காது. இந்த நினைப்பு எவ்வளவு அசட்டுத்தனமானது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே வெறும் காதோடு உட்கார்ந்திருந்தாள். மாதக் கடைசியில் தன் கட்டமும் கறுத்துப் போகலாம். அப்போது இந்த வீடும் இருக்காது. மந்தாரக்குப்பத்தில் ஏதோ ஒரு மாடியில், அம்மா குழாயில் துணி கட்டி, தன் மகளின் பகல் தூக்கத்துக்காக வாயசைவில் பேசிக்கொண்டிருப்பாள். கேட்டில் அதே தகரம் தொங்கும்.

ஞாயிறு மத்தியானம் வளவன் ஹாலின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். புஷ்பவல்லி அக்கா கொண்டுவந்து வைத்த சாப்பாடு மூடியபடி இருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். மூன்று நாளாக யாரோடும் சரியாகப் பேசாதவள், தன் பாட்டில் தாழ்ந்த குரலில் தொடங்கினாள்.

"அந்த அக்கா காலையிலயே போயிட்டாருன்றாங்க. டாக்டரும் அதையேதான் சொல்றாரு. எனக்கு மனசு ஒத்துக்கல பாப்பா. மத்தியானம் எங்கிட்ட பேசினாரே."

இளவேனில் அசையவில்லை. "எப்பம்மா?"

"பன்னண்டு மணி இருக்கும். நீ அப்பத்தான் எழுந்து குளிக்கப் போன. நான் உள்ள போயி, இந்தப் பொண்ணு நான் சொன்னா கேக்க மாட்டா, வேலையில சேரச் சொல்லி நீங்களே ஒரு வார்த்தை கண்டிச்சி சொல்லுங்கன்னேன்." அம்மா முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். "ம்முன்னாரு."

"முகத்தைப் பாத்தியா?"

"எங்க பாக்கறது. இருட்டுல. எப்பவும் அப்பிடித்தான கேப்பேன். உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஏதாச்சும் வேணும்னா அவரு தூங்கும்போதுதான் போயி கேப்பேன். கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து."

வளவன் புரண்டு படுத்தான். அம்மா பேச்சை நிறுத்தி அவன் மூச்சு சீராகும் வரை காத்திருந்தாள். இளவேனில் தன்னுடைய இரண்டு மணியைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சேரச் சொல்லி ஒரு "ம்". இரண்டு மணிக்குச் சேர வேண்டாம் என்று ஒரு "ம்". இருவருக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்திருக்கிறார். அல்லது அந்த இருட்டில் அவர் இருந்த இடத்தில் வேறு ஏதோ படுத்திருந்து, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பகல்ல வேலை, ராத்திரியில தூக்கம் என்று கேட்டருகே நின்று சொன்னது மட்டும்தான் அவர் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னது. அதை அவள் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, நான் நாளைக்குப் போயி சேர்ந்துடறேன்."

அம்மா தலையைத் திருப்பினாள். சந்தோஷப்படுவாள் என்று இளவேனில் எதிர்பார்த்தாள். அம்மாவோ மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கு போட்ட பிறகு முதல் தடவையாகப் பார்க்கிறவளைப் போல.

"மனசாரத்தான் சொல்றியா?"

"ம்."

சொன்ன பிறகுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. தொண்டைக்குள்ளிருந்து, வாய் திறக்காமல், பாதி மூச்சாக. அதே நீளம். அதே இடத்தில் நின்றது. அவள் கை தானாகவே கழுத்துக்குப் போனது.

அம்மா இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகப் பின்னறையின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் காய் வண்டி வந்தது. கத்தரிக்கா, முருங்கக்கா என்று கூவிக்கொண்டு வந்த குரல், அவர்கள் கேட்டுக்கு எதிரே வந்ததும் நின்றது. சக்கரங்கள் மட்டும் மண்ணில் மெதுவாக உருண்டு கடந்தன. இரண்டு வீடு தாண்டிய பிறகு, அவர் மறுபடியும் கூவத் தொடங்கினார்.